பாட்டன் பெயர் எந்த ஏட்டில்?

இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டில் கடாரத்தின்மீது படை செலுத்தினான் என்பதை நம்மவரிற் பலர் அறிவர். மேடை கிடைத்தால் முழங்கவுஞ் செய்வர். ஆனால், தம் பாட்டனார் எவ்வாண்டில் பினாங்குத் துறையில் வந்திறங்கினார், எத்தோட்டத்தில் முதன்முதற் பேர் பதிந்தார், பாட்டியாரைப் பெற்றவர் யாவர் என்று வினவினால், விடை கூறுவார் நூற்றுக்கு எத்துணைப் பேர்?

இத்தேட்டம் குலப்பெருமை பேசுதற்கன்று. அப்பெருமை வேண்டுவோர் இத்தாளை இங்கேயே மடித்து வைத்துவிடலாம். மலாயாத் தமிழனுக்குப் பழைய பதிவு என்பது உரிமைச் சீட்டு. 1957-இல் நாடு விடுதலை எய்திய பின்னரும், இம்மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இன்மையால் சிவப்பு அடையாளக் கார்டோடும், அதுவுமின்றியும் காலங்கழித்தோர் தோட்டப்புறங்களிற் பலர். 2011-இல் மலேசிய அரசாங்கம் ‘மை டாஃப்தார்’ என்னும் பதிவு இயக்கத்தை இந்தியர் பொருட்டு நடத்த நேர்ந்தது இக்குறையினாலேயாம். தந்தையின் பத்திரம் இல்லையேல் மகனுடைய பத்திரம் தடைப்படும். மகனுடையது தடைப்படின் பேரன் பள்ளி வாயிலில் நிற்பான்.

எங்கே தொடங்குவது? எடுத்த எடுப்பிலேயே ‘ரஜூலா’க் கப்பலின் பெயரைச் சொல்லிக்கொண்டு புறப்படுவார் உளர். ஆண்டறியாமல் கடலைத் துழாவுதல் வீண். கையிலுள்ள காகிதத்தினின்றும் பின்னோக்கி நடத்தலே முறை. முதலிற் பெற்றோரின் பிறப்புப் பத்திரமும் மரணப் பத்திரமும். மலேசியாவில் இவற்றைத் தேசியப் பதிவிலாகாவிலும், சிங்கப்பூரில் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திலும் கேட்டல் வேண்டும். சிங்கப்பூர்ப் பிறப்புப் பதிவுகள் 1872 முதற்கொண்டு உள்ளன.

பத்திரம் கிடைத்ததும் பெயரை மட்டும் நோக்கி மகிழ்ந்துவிடலாகாது. பிறந்த இடம், தந்தையின் தொழில், தாயின் பெயர், செய்தி கொடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் ஊன்றிப் பார்க்க. செய்தி கொடுத்தவர் தோட்டத்துக் கிராணியாகவோ டிரசராகவோ இருப்பின், சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், பெயருக்குரியவரோ எழுத்தறியாதவர் என்று உணர்க. முனுசாமி என்னும் ஒருவரே ஆங்கில எழுத்தில் மூனுசாமியாகவும் மூன்சாமியாகவும் முனியசாமியாகவும் உருமாறியிருத்தல் கூடும். ஒரே எழுத்துக்கூட்டலைப் பற்றிக்கொண்டு, ‘பதிவில் இல்லை’ என்று திரும்பி வந்தவர்கள் இரங்கத்தக்கவர்கள்.

வெள்ளையர் எழுதிய வழிகாட்டி நூல்கள் குடும்பப் பெயரைக் கொண்டு தேடச் சொல்லும். நமக்கு அஃது ஏது? மகன் என்பதற்கு ‘அனாக் லெலாக்கி’ என்றும், மகள் என்பதற்கு ‘அனாக் பெரம்புவான்’ என்றும் மலாய் மொழியிற் குறித்துத் தந்தை பெயரை எழுதுவதே மலேசிய வழக்கம். ஆகவே தலைமுறைதோறும் இறுதிப் பெயர் மாறும். தந்தை பெயரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுதல் வேண்டும்.

1948-இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ், 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் அடையாளக் கார்டு எடுக்கும்படி விதிக்கப்பட்டது. முதியோர் பலருக்கு அரசாங்கம் கொடுத்த முதற் காகிதம் இதுவே. அதிற் கண்ட பிறந்த ஆண்டு பெரும்பாலும் உத்தேசம். இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னும் பின்னும் தேடுக.

திருமணப் பதிவைத் தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டமும் பதிவைக் கட்டாயமாக்கும் முன்னர், நம் திருமணங்களிற் பெரும்பாலானவை பந்தலோடு முடிந்தன. பத்திரம் இல்லாமையால் பாட்டியின் திருமணம் பொய்யாகிவிடாது. மக்களின் பிறப்புப் பத்திரத்திலுள்ள தாயின் பெயரே சான்றாம்.

அடுத்தது பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்திற் பள்ளி வைக்கவேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகையோ கல்விச்சாலையோ, அங்கே சேர்க்கைப் பதிவேடு இருந்தது. பழைய தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பணிந்து கேட்டால் ஏடு திறக்கலாம். செக்ரோலுக்கு அந்த நற்பேறில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது அவை யார் கையிற் போயினவோ! இடப்பெயர் மாற்றத்தையும் மறவற்க: போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இற் போர்ட் கிள்ளான் ஆயிற்று, தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆயிற்று.

கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் உள்ளன. அமைதியாகப் பால் வெட்டி வாழ்ந்தவர் பெயர் அங்கே அரிது. முறையிட்டவன், வழக்காடியவன், 1941-இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்திற் கலந்தவன் போன்றோரையே துரைமார் பெயர் குறித்து எழுதினர்.

சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டோர் நிலை இவற்றினுங் கொடிது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் துயில்கின்றனர். மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அங்ஙனம் ஒரு வரிசை இல்லை. 1942-லும் 1943-லும் வீட்டை விட்டுச் சென்று திரும்பாதவர் எவரெனக் குடும்பத்து முதியோர் சொல்வதை, அவர் உள்ளபொழுதே, தேதியிட்டு எழுதிக் கையொப்பம் பெறுதல் தவிர வேறு வழியில்லை.

தாய்நாட்டுப் பக்கம் திரும்பினால், ஊர்ப்பெயர் தெரிந்தார்க்கே கதவு திறக்கும். பழந்தாளில் தென்னார்க்காடு என்றிருப்பின், 1993-இற் பிரிந்த கடலூர், விழுப்புரம் இரண்டிலும் தேடவேண்டும். தஞ்சாவூர் என்றிருப்பின் 1991-இற் பிரிந்த நாகப்பட்டினத்தையும் நோக்குக. அந்நாளில் ஜனன மரணக் கணக்கு எழுதியவர் கிராம முன்சீப்பு. அப்பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது; எஞ்சிய ஏடுகளைத் தாலுக்கா அலுவலகத்தில் விசாரித்தல் வேண்டும். அவற்றிற் குழந்தையின் பெயரிடம் பல வரிகளில் வெறுமையாயிருக்கும். பெயர் சூட்டுமுன்னே பதிவு நடந்தது. இன்னாருக்கு ஆண் குழந்தை என்ற அளவே காணப்படும். தந்தை பெயரும் ஊரும் பொருந்தின், அவ்வரியோடு அதன் முன்னும் பின்னும் உள்ள சில ஆண்டுகளுக்கும் நகல் வாங்குக. உடன்பிறந்தாரும் அதே தந்தையின் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பர்.