மருதாணி முதல் ஒளிவிளக்கு வரை



நம் வீட்டுப் பெண்களின் விரல் நுனிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது மருதாணிச் செடியில் தொடங்கி, வெடிமருந்து ஆராய்ச்சி, கார் தொழிற்சாலை, பல் மருத்துவரின் அறை ஆகியவற்றைக் கடந்து, இன்று செந்தூல் அடுக்குமாடி வீடுகளின் மேசைமேல் எரியும் ஒரு சிறு விளக்கில் வந்து நிற்கிறது. 'ஜெல்' நகப்பூச்சு என்று நம் பெண்பிள்ளைகள் சொல்வதைத்தான் குறிப்பிடுகிறேன். அது எப்படி வந்தது, அதை வீட்டில் செய்வோர் எதை அறிந்திருக்க வேண்டும் என்பதை இன்றைய உரையில் காண்போம்.

முதலில் மருதாணி. மருதோன்றி, அழவணம், ஐவணம் என்றெல்லாம் தமிழில் இதற்குப் பெயர்கள் உண்டு. மலாய் மக்கள் 'இனாய்' என்பர். மணமக்களுக்கு அதை இடும் சடங்கு 'பெரினாய்' எனப்படுகிறது. தீபாவளிக்கு முந்தைய இரவு தோட்டத்து லயங்களில் அம்மியில் மருதாணி அரைபடும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். இலையில் உள்ள 'லாசோன்' என்னும் சாயப்பொருள் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே, எத்தனை முறை கழுவினாலும் நிறம் போவதில்லை. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதுவரை மருதாணியின் சிவப்பு நகத்தோடு சேர்ந்தே மெல்ல மேலேறிச் செல்லும். நீண்ட நாள் நிலைக்கும் நகச்சாயம் என்பது நமக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த கட்டம் வெடிமருந்திலிருந்து வந்தது. 1846ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியல் அறிஞர், பஞ்சை அமிலங்களில் தோய்த்து 'துப்பாக்கிப் பஞ்சு' என்னும் வெடிபொருளைக் கண்டார். அதே இனத்தைச் சேர்ந்த நைட்ரோசெல்லுலோசைக் கரைப்பானில் கரைத்துப் பூசினால், கரைப்பான் ஆவியாகிப் பளபளப்பான மெல்லிய படலம் நிற்கும். 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் இத்தகைய சாயத்தைக் கார்களுக்குப் பூசின. வாரக்கணக்கில் உலர வேண்டியிருந்த வண்டிச் சாயம் சில மணி நேரத்தில் உலர்ந்தது.

வண்டிக்குச் சாயம் பூசும் வேலை செந்தூலுக்கு அந்நியமானதன்று. செந்தூல் என்ற மரத்தின் பெயரால் விளங்கும் இவ்வூரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரயில்வே பட்டறை அமைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த தமிழர் பலர் அங்கே வேலை செய்தனர். சாயம் உலரும்வரை ஒரு வண்டி எத்தனை நாள் கொட்டகையில் முடங்கிக் கிடக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். விரைவாக உலரும் சாயத்தின் அருமை அத்தகையோருக்கு நன்றாகவே விளங்கும். அந்தப் பட்டறை இன்று இல்லை. அதன் பழைய கட்டடம் ஒன்றில் 2005ஆம் ஆண்டு முதல் கலை அரங்கம் நடந்து வருகிறது.

நைட்ரோசெல்லுலோஸ் நுட்பம் நகத்துக்கும் வந்தது. 1910களின் இறுதியில் அமெரிக்காவின் 'கியூடெக்ஸ்' நிறுவனம் திரவ நகப்பூச்சை விற்கத் தொடங்கியது. அந்தப் பெயர் நம் நாட்டில் எவ்வளவு ஊன்றிவிட்டது என்றால், எந்த நிறுவனத்தின் நகப்பூச்சையும் நாம் 'கியூடெக்ஸ்' என்றே அழைக்கிறோம். 1932ஆம் ஆண்டு சார்லஸ் ரெவ்சன், அவர் சகோதரர் ஜோசப், சார்லஸ் லாக்மன் ஆகிய மூவரும் 'ரெவ்லான்' நிறுவனத்தைத் தொடங்கி, அடர்ந்த நிறப்பூச்சுகளை எளிய மக்களும் வாங்கும் பொருளாக்கினர். ஆனால் இப்பூச்சு நகத்தின்மேல் அமர்ந்திருக்கிறதே தவிர, மருதாணிபோல் அதனோடு கலப்பதில்லை. பாத்திரம் கழுவித் துணி துவைக்கும் கையில் அது சில நாளிலேயே உரிந்துவிடும்.

இக்குறையைத் தீர்த்தது பல் மருத்துவம். பல்லை அடைக்கப் பயன்பட்ட அக்ரிலிக் பிசின் 1950களில் அமெரிக்காவில் செயற்கை நகத்துக்கும் பயன்படத் தொடங்கியது. பிறகு, ஒளி பட்டால் இறுகும் பிசினைப் பல் மருத்துவர்கள் கையாண்டனர். அதுவும் நகத்துக்கு வந்தது. நகப்பூச்சுத் தொழிலில் பெயர் பெற்ற 'ஓ.பி.ஐ.' நிறுவனம்கூட முதலில் பல் மருத்துவப் பொருள்களை விற்ற நிறுவனமே. 2010ஆம் ஆண்டு 'ஷெல்லாக்' என்ற ஜெல் பூச்சு சந்தைக்கு வந்தபின் இம்முறை உலகெங்கும் பரவியது.

ஜெல் எப்படி இறுகுகிறது? பால்மரம் சீவிய நம் மக்களுக்கு இதை விளக்குவது எளிது. வாளியில் நீராக இருக்கும் மரப்பால், ஃபார்மிக் அமிலம் சேர்ந்ததும் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டியை மீண்டும் பாலாக்க இயலாது. ஜெல்லும் அவ்வாறே திரும்பாத வகையில் இறுகுவது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மரப்பாலில் நீண்ட இழைகள் முன்பே இருக்கின்றன. ஜெல்லில் இருப்பவையோ அக்ரிலேட் எனப்படும் சிறு மூலக்கூறுகள். விளக்கின் புறஊதா ஒளி பட்ட பிறகே அவை கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. இரண்டு வாரம் போல் உரியாமல் நிற்பது இதனால்தான்.

கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. ஒளி படாமல், கைகோக்காமல் நிற்கும் அக்ரிலேட் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். நகத்தைச் சுற்றி அரிப்பு, கொப்புளம், சில வேளை கண்ணிமையில் வீக்கம் ஆகியவை தோன்றும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். பின்னாளில் பல் அடைக்கும்போதும், மூட்டு அறுவையின்போதும் அதே இனப் பொருள் தொல்லை தரக்கூடும். வீட்டுப் பூச்சுப் பெட்டிகளால் வரும் இத்தீங்கு குறித்துப் பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018ஆம் ஆண்டு எச்சரித்தது. 'ஹேமா' என்ற அக்ரிலேட் அடங்கிய நகப்பூச்சைப் பயிற்சி பெற்றவர்களே கையாள வேண்டும் என்ற விதி 2021ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒளியில் இறுகச் செய்யும் 'டி.பி.ஓ.' என்ற பொருளை அதே ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து ஒப்பனைப் பொருள்களில் தடை செய்தது.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தபின் நகரம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், இன்று வீட்டிலேயே நகப்பூச்சுத் தொழில் செய்கின்றனர். கைதான் அவர்களுக்கு முதல். ஒவ்வாமை வந்தால் தொழிலே போய்விடும். ஆகவே சில முறைகளைச் சொல்கிறேன்.

பூச்சைத் தோலில் படாமல், நகவிளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, மெல்லிதாகப் பூசுக. அடிப்பூச்சு, நிறம், மேற்பூச்சு ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒளியில் இறுக்குக. பூச்சைத் தயாரித்தவர் குறிப்பிட்ட விளக்கையும் நேரத்தையும் மாற்ற வேண்டாம். விளக்கு பொருந்தாவிட்டால் மேலே காய்ந்தும் உள்ளே இளகியும் நிற்கும். நாம் வெட்டிய பாலில் செய்த ரப்பர் கையுறை பல வேலைகளுக்கு உகந்தது. ஆனால் அக்ரிலேட் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறையை அணிந்து, அதையும் அடிக்கடி மாற்றுவதே நலம். நகவிளக்கின் ஒளி ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களைச் சேதப்படுத்தியதாக 2023ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. எனவே விரல்நுனி வெட்டிய கையுறையால் கையை மூடிக்கொள்வது நன்று.

அகற்றும்போது உரித்து எடுக்கக் கூடாது. நகத்தின் மேலடுக்கும் உடன் வந்துவிடும். மேற்பரப்பை லேசாக அராவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்துச் சுற்றிக் கால்மணி நேரம் பொறுத்தால் தானே இளகும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகில் அதைத் திறக்க வேண்டாம்.

பூச்சை வாங்கும்போது, மலேசியாவில் ஒப்பனைப் பொருளுக்குரிய 'நோட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையின் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளலாம். விரல் அரித்தால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண்க. 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படுவதையும் நம்ப வேண்டாம். அதில் தலைமுடிச் சாயப்பொருள் சேர்ந்திருந்தால் தோல் கொப்புளிக்கும்.

பால்மரத் தோட்டத்தில் அமிலத்தை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அளந்து ஊற்றியவர்கள் நம் தாய்மார்கள். அந்த அளவறிவு இந்தச் சிறு புட்டிக்கும் வேண்டும். அழகு இரண்டு வாரம் நிற்கும். கையோ வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டியது.