பத்தொன்பது எழுத்துகள் விட்டுப்போன கதை

மனித டி.என்.ஏ.வின் ஒரு பிரதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஒன்பதாவது குரோமோசோமில், சி.டி.கே.என்.2ஏ என்கிற மரபணுவுக்குள், அவற்றில் 19 எழுத்துகள் மட்டும் சிலருக்கு இல்லை. 300 கோடியில் 19 என்பது ஒரு கணக்கே இல்லை. ஆனால் நெதர்லாந்தின் லைடன் நகரை ஒட்டிய பகுதியில் வேர்கொண்ட சில குடும்பங்களில், அப்பாவுக்குப் பின் மகள், மகளுக்குப் பின் தம்பி என்று கணையப் புற்றுநோய் வந்ததற்கு இந்தச் சின்ன ஓட்டைதான் காரணம். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பி16-லைடன்.

இது பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தில் எப்போதோ வாழ்ந்த ஒருவருடைய உடலில், டி.என்.ஏ. பிரதியாகும்போது 19 எழுத்துகள் நழுவின. அந்தப் பிழையோடு பிறந்த குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலத்தான் வளர்ந்திருக்கும், கல்யாணம் செய்துகொண்டிருக்கும், பிள்ளைகள் பெற்றிருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த ஓட்டை போய்ச் சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பெண் பேதம் கிடையாது. மூத்தவளுக்குப் போய்விட்டது, அதனால் இளையவன் தப்பினான் என்கிற கணக்கும் கிடையாது. ஒவ்வொரு பிரசவத்திலும் முதலிலிருந்து அதே பாதி. பெண் எடுத்ததும் கொடுத்ததும் அக்கம்பக்கத்திலேயே என்றிருந்த ஊர்களில் அது சத்தமில்லாமல் தங்கிவிட்டது.

அது முதலில் தலைகாட்டிய இடம் கணையம் அல்ல, தோல். உடம்பெங்கும் நிறைய மச்சங்கள். அளவில் பெரியவை, ஓரம் கலைந்தவை, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் கொண்டவை. அவற்றோடு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய். லைடனின் தோல் மருத்துவர் வில்மா பெர்க்மன் இந்தக் குடும்பங்களை வம்சாவளிப் படம் வரைந்து தொடர்ந்து பார்த்துவந்தார். அமெரிக்காவின் ஒமாஹாவில் ஹென்றி லின்ச் இதே மாதிரிக் குடும்பங்களைப் பற்றி 1970களிலேயே எழுதத் தொடங்கியிருந்தார். புற்றுநோய் குடும்பத்தில் இறங்கும் என்று அவர் சொன்னதை அந்நாளில் மருத்துவ உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கவே திண்டாடினார். இன்று அவர் பெயரிலேயே ஒரு பரம்பரை நோய் இருக்கிறது.

1990இல் பெர்க்மன் குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. மச்சக் குடும்பங்கள் சிலவற்றில் கணையப் புற்றுநோயும் கூடுதலாக இருந்தது. எல்லாக் குடும்பங்களிலும் அல்ல, சிலவற்றில் மட்டும். தோலுக்கும் வயிற்றின் பின்புறம் ஒளிந்திருக்கும் சுரப்பிக்கும் என்ன உறவு என்பதற்கு அப்போது பதில் இல்லை.

1994இல் சி.டி.கே.என்.2ஏ மரபணு கண்டறியப்பட்டது. மறு ஆண்டே லைடனில் நெல்லகே கிராய்ஸும் சக ஆய்வாளர்களும் 15 குடும்பங்களைப் பரிசோதித்தார்கள். 13 குடும்பங்களில் அதே 19 எழுத்து ஓட்டை. அதைச் சுற்றியிருந்த டி.என்.ஏ. வரிசையும் குடும்பத்துக்குக் குடும்பம் ஒத்துப்போனது. தனித்தனியாக நடந்த பிழைகளாக இருந்தால் அக்கம்பக்கம் வேறு வேறாக இருந்திருக்கும். ஆக, ஒருவரை ஒருவர் அறியாத குடும்பங்கள்கூடப் பல தலைமுறைக்கு முன் ஒரே பாட்டன் பூட்டி வழி வந்தவர்கள். அந்த ஆய்வில் இன்னொரு ஆச்சரியம்: அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஓட்டையைப் பெற்றிருந்த இருவர். அவர்களும் மற்றவர்களைப் போலவே பிறந்து வளர்ந்திருந்தார்கள்.

இந்த ஓட்டை மட்டுமே புற்றுநோயை உண்டாக்கிவிடுகிறது என்று சொல்வது சரியல்ல. அந்த மரபணு தயாரிக்கும் பி16 என்ற புரதத்தின் வேலை, செல் கண்டபடி பிரியாமல் தடுப்பது. நமக்கு அந்த மரபணு இரண்டு பிரதிகளாக, சைக்கிளின் முன் பிரேக் பின் பிரேக் போல இருக்கிறது. இந்தக் குடும்பங்களில் ஓட்டையைப் பெற்ற பிள்ளைகள் ஒரு பிரேக்கோடு பிறக்கிறார்கள். அது பல ஆண்டுகள் போதுமானதாகவே இருக்கும். வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் மற்றதும் அறுந்து, கூடவே வேறு சில மரபணுக்களும் பழுதானால்தான் கட்டி தொடங்கும். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் தனியாக ஒருவருக்கு வரும் கணையப் புற்றுநோயிலும், பத்தில் ஒன்பது கட்டிகளில் இந்த பி16 செயலிழந்திருக்கிறது. தோலுக்கும் கணையத்துக்கும் உள்ள உறவு இதுதான். மற்றவர்களுக்கு வாழ்நாளில் நடந்தாக வேண்டிய விபத்துகளில் ஒன்று, இவர்களுக்குப் பிறப்பிலேயே நடந்து முடிந்திருக்கிறது.

2000இல் ஹன்ஸ் வாசன் தலைமையிலான குழு கணக்குப் போட்டது. ஓட்டை உள்ளவர்களில் 75 வயதுக்குள் கணையப் புற்றுநோய் வருவது ஏறத்தாழ 17 சதவீதம். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி பொதுமக்களுக்கு வாழ்நாள் முழுக்க இது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. பத்து மடங்கு என்று சொன்னால் குலை நடுங்குகிறது. ஆறில் ஐந்து பேருக்கு அந்த வயதுக்குள் வரவில்லை என்றால் மூச்சு வருகிறது. இரண்டும் ஒரே கணக்குதான். மருத்துவர் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அதே ஆண்டு லைடனில் இவர்களுக்கு வருடாந்திர எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தொடங்கியது. இருபது ஆண்டு அனுபவம் 2022இல் வெளியானது. 347 பேரில் 31 பேருக்குப் புற்றுநோய். சிலருக்கு இரண்டாவது கட்டியும் வந்ததால் மொத்தம் 36 கட்டிகள். அவற்றில் 30, அறுவை சிகிச்சை செய்யும் நிலையிலேயே கண்ணில் பட்டன. சாதாரணமாக மஞ்சள் காமாலை, முதுகுவலி, உடல் மெலிவு என்று வருகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அந்த வாய்ப்பு இருப்பதில்லை. கண்காணிப்பில் புற்றுநோய் கண்டவர்களில் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 32.4 சதவீதம். முன்கூட்டியே கண்டுபிடித்தால், கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணும் ஆயுள் தானாகவே கூடித் தெரியும் என்பதையும் இதில் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் வளர்ந்துவிட்ட கட்டிகளும் உண்டு. இந்த வகைக் கண்காணிப்பில் வெறும் சந்தேகத்துக்காகக் கத்தி வைக்கப்பட்டவர்களும் உண்டு. இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கைவிரிக்கும் நிலையிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறோம், அவ்வளவே.

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு பெயர் கிடைத்துவிடுவதில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரின் தந்தை 1953இல் கணையப் புற்றுநோயில் இறந்தார். தங்கை ரூத் 1983இல், தம்பி பில்லி 1988இல், இன்னொரு தங்கை குளோரியா 1990இல், எல்லோரும் அதே நோயில். கார்ட்டர் மட்டும் 100 வயது கண்டு 2024 டிசம்பரில் மறைந்தார். வீட்டில் மற்றவர்கள் புகைத்தார்கள், நான் புகைத்ததில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். புகை இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது உறுதி. பரம்பரைப் பங்கு உள்ளவர்களுக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் இருவருக்கு வந்திருந்தால் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பதிவேட்டை வைத்து 2004இல் கணித்தார்கள். மூவர் என்றால் 32 மடங்கு. ஆனால் அது மிகச் சிலரை வைத்துப் போட்ட கணக்கு. இப்படிப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் பரிசோதித்தாலும் மரபணு எதுவும் சிக்குவதில்லை. சிக்காவிட்டாலும் ஆபத்து இல்லை என்று ஆகாது.

நம் மக்களுக்கு மெலனோமா அரிது. மச்சம் வந்து எச்சரிக்கும் என்று காத்திருக்க முடியாது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அத்தைக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததா, பாட்டிக்குச் சினைப்பையில் வந்ததா? பி.ஆர்.சி.ஏ.2 போன்ற மரபணுக்கள் மார்பகம், சினைப்பை, புரோஸ்டேட், கணையம் என்று பல இடங்களில் கைவரிசை காட்டும். அப்பா வழியையும் விடக் கூடாது. ‘வயித்துல கட்டி’ என்று சொல்லி முடித்துவிட்ட சாவுகளுக்கு, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்த உறுப்பு, எத்தனை வயதில் என்று எழுதிவையுங்கள்.

பரிசோதனையை ஆரோக்கியமாக இருப்பவரிடம் தொடங்குவதைவிட நோயாளியிடம் தொடங்குவதே சரி. அவரிடம் இன்ன பிழை என்று தெரிந்தால்தான் பிள்ளைகளிடம் அதைத் தேடலாம். அது இல்லாத பிள்ளை அந்தப் பயத்தை இறக்கிவைக்கலாம். இந்த நோயில் அவகாசம் பல நேரம் சில மாதங்கள்தான். வீட்டில் யாராவது கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தால், அடுத்த முறை போகும்போதே மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.