இடைவெளிக்குப் பெயர் வைத்த கதை

பியானோ வாசிப்பவருக்கு ரெண்டு கையும் வேலையில் இருக்கும். பக்கத்தைத் திருப்ப மூணாவது கை கிடையாது. எதிரெதிராக விரியும் ரெண்டு பக்கத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டால் நிம்மதி. கடைசி ஒரே ஒரு வரி மட்டும் மூன்றாம் பக்கத்துக்கு ஓடிவிட்டால், முடிகிற நேரத்தில் ஒரு கையை எடுத்தே ஆக வேண்டும்.

அந்த ஒரு வரியை எப்படி முன் பக்கத்துக்குள் இழுப்பது? சுரங்களைச் சின்னதாக்கினால் படிக்க முடியாது. மிஞ்சியிருப்பது வரிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான். இந்த வெற்றிடத்தை ஒரு மென்பொருள் எப்படிக் கையாளக் கற்றுக்கொண்டது, அதைப் பயனருக்கு விளக்கப் போனபோது என்ன ஆனது என்பதுதான் இந்தக் குறிப்பு. மென்பொருளின் பெயர் லில்லிபாண்ட்.

முதலில், பிரச்சினை என்ன?

நம் ஊர் சுரப்படுத்திய கீர்த்தனைப் புத்தகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சுர வரி, அதற்குக் கீழே சாகித்ய வரி. பிறகு அடுத்த சுர வரி, அதன் சாகித்யம். சுரத்துக்கும் அதன் சாகித்யத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, அந்த சாகித்யத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ளதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ரெண்டும் சமமாக இருந்தால் எந்தச் சொல் எந்தச் சுரத்தோடு சேரும் என்று கண் தடுமாறும்.

மேற்கத்திய இசைத்தாளிலும் இதே சிக்கல்தான், பல மடங்கு பெரிதாக. ஐந்து கோடுகள் கொண்ட வரிக்கு ஸ்டாஃப் என்று பெயர். ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டிய ஸ்டாஃப்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தால் அது ஒரு சிஸ்டம். பியானோவுக்கு ஒரு சிஸ்டத்தில் ரெண்டு ஸ்டாஃப். நாலு குரல் பாடகர் குழுவும் பியானோவும் என்றால் ஆறுகூட ஆகலாம். நடுவில் பாடல் வரிகள், மெதுவாக-உரக்க என்று சொல்லும் குறிகள், கோட்டுக்கு வெளியே துருத்தும் உச்ச சுரங்கள். பக்கத்தின் தலையில் தலைப்பு. இத்தனைக்கும் நடுவில் எத்தனையோ விதமான இடைவெளிகள். அவற்றின் கூட்டுத்தொகை தாளின் உயரத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

கையில் இருந்த அறிவு

கணினிக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் தகடு செதுக்குபவர்கள். மென்மையான உலோகத் தகட்டில் ஐந்து பல் கொண்ட கருவியால் ஒரே இழுப்பில் ஒரு ஸ்டாஃப். அதன்மேல் சுரத்தலைகளை அச்சாணி வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். தண்டுகளையும் வளைவுகளையும் உளியால் கீறுவார்கள். எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி. தப்பு நேர்ந்தால் தகட்டின் பின்புறத்தைத் தட்டிச் சமன்படுத்தி, மறுபடி அடிக்க வேண்டும்.

ஸ்டாஃப் கோட்டை இழுத்த பிறகு அதை நகர்த்துவது சுலபமில்லை. ஆகவே மேல்-கீழ் இடைவெளி முழுவதையும் வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். எங்கே உச்ச சுரம் வருகிறது, எங்கே மூன்று அடிப் பாடல் வரி வருகிறது, எந்த இடத்தில் பக்கம் திரும்பினால் வாசிப்பவருக்கு ஓய்வு இருக்கும், எல்லாம் மனக்கணக்கு. வருஷக்கணக்கில் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிய அறிவு. எழுத்தில் இருந்ததைவிடக் கையில் இருந்ததே அதிகம்.

கணினி வந்தபோது

கணினிக்காரர்கள் முதலில் அதிகம் யோசித்தது இடம்-வலம் இடைவெளியைப் பற்றி. நீண்ட சுரத்துக்கு அதிக இடம், குறுகிய சுரத்துக்குக் குறைவு. ஆனால் நேர் விகிதத்தில் இல்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கூர்லே 1987இல் இதைப் பற்றி எழுதினார். சுரங்களுக்கு நடுவே ஸ்பிரிங் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, வரியின் அகலத்துக்கு ஏற்ப எல்லா ஸ்பிரிங்கையும் சேர்த்து இழுப்பது. அதற்கும் முன்னால் டொனால்ட் க்னூத் தன் டெக் மென்பொருளில் சொற்களுக்கு நடுவே நீளவும் சுருங்கவும் தெரிந்த "பசை"யை வைத்திருந்தார். ரெண்டும் உறவுக்கார யோசனைகள்.

1996இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் ஆகிய இருவரும் லில்லிபாண்டைத் தொடங்கினார்கள். பழைய தகட்டு அச்சின் அழகைக் கணினியில் திரும்பக் கொண்டுவருவதுதான் நோக்கம். அவர்கள் அளவுகோலாகக் காட்டிய பக்கங்களில் ஒன்று, 1950இல் பேரன்ரைட்டர் பதிப்பகம் கொண்டுவந்த பாகின் செல்லோ தொகுப்பு. அதை ஒரு விஷயத்துக்காகக் கவனிக்கலாம். தனி செல்லோவுக்கு ஒரே ஸ்டாஃப்தான், பாடல் வரியும் கிடையாது. மேல்-கீழ் சிக்கல் அங்கே தலைகாட்டுவதே அபூர்வம்.

ஆரம்ப வருஷங்களில் பக்கமாகப் பிரிக்கும் வேலையை லில்லிபாண்ட் டெக்கிடமே விட்டிருந்தது. பிறகு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2008 டிசம்பரில் வந்த 2.12 பதிப்பில்கூட சிஸ்டங்களுக்கு நடுவே ஒரு வழி, சிஸ்டத்துக்கு உள்ளே ஸ்டாஃப்களுக்கு நடுவே வேறொரு வழி. உள்ளே இடம் வேண்டுமென்றால், "இந்த ஸ்டாஃப் குறைந்தது இவ்வளவு உயரம்" என்று இல்லாத உயரத்தைச் சொல்லி இடம் வாங்க வேண்டும். வேலை நடந்தது. ஆனால் ஏன் நடந்தது என்று புதியவருக்கு விளக்குவது கஷ்டம்.

அதற்குப் பிந்தைய 2.13 என்ற பரிசோதனைப் பதிப்புகளில் இந்தப் பகுதி மாற்றி எழுதப்பட்டது. பக்கத்தில் உள்ள சிஸ்டங்கள், ஸ்டாஃப்கள், பாடல் வரிகள் எல்லாவற்றுக்கும் நடுவே இப்போது ஸ்பிரிங். இடம்-வலத்தில் பழகிய யோசனை மேல்-கீழுக்கும் வந்து சேர்ந்தது.

விளக்கப் போனபோது

இயந்திரம் நன்றாக இருந்தது. பெயர்கள்தான் சரியில்லை.

தமிழில் சொன்னால், அப்போதிருந்த அமைப்புகளின் பெயர்கள் இப்படி: "தலைப்புக்கு முன்", "தலைப்புக்குப் பின்", "தலைப்புகளுக்கு நடுவே", "சிஸ்டங்களுக்கு நடுவே", "ஸ்கோர்களின் சிஸ்டங்களுக்கு நடுவே". கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் "தலைப்புக்குப் பின்" என்றால் தலைப்பிலிருந்து எதுவரைக்கும்? அடுத்த சிஸ்டம் வரைக்குமா, கீழே இன்னொரு குறிப்பு இருந்தால் அதுவரைக்குமா? இடைவெளி என்றால் ரெண்டு முனை இருக்கும். பெயரோ ஒரு முனையை மட்டும் சொன்னது. போதாததற்கு, "தலைப்பு" என்று சொல்லப்பட்டது உண்மையில் தலைப்பு மட்டுமில்லை. பாட்டுகளுக்கு நடுவே தனியாக எழுதப்பட்ட எந்த உரையும் அதில் அடக்கம்.

இதை விளக்க உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே "இங்கே தலைப்பு என்பது தலைப்பு அல்ல" என்று ஒரு பத்தி. "இது அங்கே பொருந்தாது" என்று இன்னொரு பத்தி. விளக்கம் நீள நீள, கோளாறு விளக்கத்தில் இல்லை, விளக்கப்படும் பொருளில்தான் என்பது தெரிந்துவிடும்.

2.13 வரிசையிலேயே பெயர்கள் மாற்றப்பட்டன. விதி ஒன்றுதான்: மேலே இருப்பதன் பெயர், கீழே இருப்பதன் பெயர், பிறகு "ஸ்பேஸிங்". "மார்க்கப்-சிஸ்டம்-ஸ்பேஸிங்" என்றால் மேலே உரை, கீழே சிஸ்டம். "ஸ்கோர்-மார்க்கப்-ஸ்பேஸிங்" என்றால் மேலே ஒரு பாட்டின் கடைசி சிஸ்டம், கீழே உரை. "சிஸ்டம்-சிஸ்டம்-ஸ்பேஸிங்", "டாப்-சிஸ்டம்-ஸ்பேஸிங்", "லாஸ்ட்-பாட்டம்-ஸ்பேஸிங்" எல்லாம் அதே அச்சில் வார்த்தவை. பெயரைப் படித்தாலே பக்கத்தில் எங்கே விரலை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். விளக்கத்தில் பாதி, பெயரிலேயே முடிந்தது.

சிஸ்டத்துக்கு உள்ளேயும் இதே விதி வந்தது. பாடல் வரி எந்த ஸ்டாஃபைச் சேர்ந்ததோ அது "உறவு ஸ்டாஃப்". மறுபக்கம் இருப்பது "உறவில்லாத ஸ்டாஃப்". ரெண்டுக்கும் தனித்தனி இடைவெளி. நம்முடைய சுரம்-சாகித்யம் கதைதான் இது. சாகித்யம் தன் சுரத்தை ஒட்டி நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சுரத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும்.

நாலு எண்கள்

ஒவ்வொரு இடைவெளிக்கும் உள்ளே நாலு எண்கள். இதில் ஒன்றுக்கு முன்பு வெறுமனே "இடம்" என்று பெயர். எல்லாமே இடம்தானே, அப்புறம் எது இடம்? அதுவும் "அடிப்படைத் தூரம்" என்று மாறியது.

சிஸ்டம்-சிஸ்டம் இடைவெளிக்கு மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகளைப் பார்த்தால் புரியும். அளவு, ஸ்டாஃபின் அடுத்தடுத்த ரெண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம். வழக்கமான அளவில் சுமார் 1.75 மில்லிமீட்டர்.

அடிப்படைத் தூரம் 12. மேல் சிஸ்டத்தின் கடைசி ஸ்டாஃபின் நடுக்கோட்டிலிருந்து, கீழ் சிஸ்டத்தின் முதல் ஸ்டாஃபின் நடுக்கோடு வரை. ஸ்டாஃபின் உயரம் 4 என்பதால் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை 8.

குறைந்தபட்சத் தூரம் 8. இடம் நெருக்கினால் இதுவரைக்கும் சுருங்கலாம். அப்போது வெள்ளை 4.

பேடிங் 1. உச்ச சுரமோ பாடல் வரியோ துருத்திக்கொண்டு வந்தாலும், ரெண்டின் விளிம்புகளுக்கு நடுவே இவ்வளவாவது காலியாக இருக்கும்.

நீளும் தன்மை 60. பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் அதைப் பங்குபோடும் விகிதம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு இது 120. மிச்ச இடத்தில் அதற்கு ரெண்டு பங்கு.

சுருங்கும் தன்மைக்கு மட்டும் தனி எண் கிடையாது. அடிப்படைத் தூரத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வருவதுதான் அது. இங்கே 4.

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடிப்படைத் தூரத்தைக் குறைத்துவிட்டு, "ஒண்ணுமே மாறலையே" என்று முழிக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. எண்ணைக் குறைத்தது சரிதான். ஆனால் மிஞ்சிய இடத்தை நிரப்ப மென்பொருள் அதே இடைவெளியை மறுபடி நீட்டிவிடும். பக்கத்தின் அடியைக் காலியாக விடச் சொல்ல வேறோர் அமைப்பு உண்டு. இல்லையென்றால் பாடல் வரி துருத்தி நிற்கும். அங்கே கட்டுப்படுத்துவது பேடிங்தான். அடிப்படைத் தூரத்தைத் தொட்டுப் பயனில்லை. நாலில் எது இப்போது வேலை செய்கிறது என்று தெரியாதவருக்கு நாலு எண்ணும் ஒன்றுதான்.

பழைய கோப்புகள்?

பெயர் மாற்றம் சும்மா வராது. பழைய பெயரில் எழுதி வைத்தவர்களின் கோப்புகள் எல்லாம் திடீரென்று புரியாத பாஷை ஆகிவிடும். லில்லிபாண்டில் எழுதப்படும் இசை சாதாரண எழுத்துக் கோப்பு என்பது இங்கே கைகொடுத்தது. பழைய பெயர்களைத் தேடிப் புதிய பெயராக மாற்றும் சிறிய நிரல் ஒன்று அதோடு கூடவே வருகிறது. இந்தப் பெயர்களும் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2011 ஜூனில் 2.14 நிலையான பதிப்பாக வந்தபோது புதிய பெயர்கள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. இன்றும் அவைதான்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். தகடு செதுக்கியவர் அந்த 8க்கும் 12க்கும் பெயர் வைத்ததில்லை, வைக்கத் தேவையும் இல்லை. சீடன் பக்கத்தில் இருந்தான், கையைப் பார்த்தான். மென்பொருளைப் பயன்படுத்துபவர் வேறு ஊரில், ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவர். அவருக்கு குரு என்றால் அந்தக் கையேட்டுப் பக்கம்தான். அதனால்தான், எழுத்தில் விளக்க முடியாத பகுதியை "கையேடு மோசம்" என்று தள்ளிவிடாமல், பொருளையே திருத்தியது சரியான வேலை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் பக்கத்துக்கு ஓடிய அந்த ஒரு வரிக்கு வருவோம். இப்போது அவர் கேட்க வேண்டிய கேள்வி எளிது: எதற்கும் எதற்கும் நடுவே உள்ள இடத்தைக் குறைக்கட்டும்? அந்த ரெண்டையும் மேலிருந்து கீழாகச் சொன்னால், தேட வேண்டிய பெயர் அதுவேதான்.