கத்தோலிக்கத் திருச்சபையும் இறுதிக்காலச் சிகிச்சையும்

சாகும் தறுவாயில் இருப்பவருக்கு எந்தச் சிகிச்சையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதில் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தெளிவான போதனை உண்டு. சர்ச்சையெல்லாம் அதன் ஒரு முனையில்தான்: குழாய் வழியாகச் செலுத்தும் உணவு.

கருணைக்கொலையைத் திருச்சபை ஏற்பதில்லை. அதற்காக, மூச்சு நிற்கும்வரை எல்லா மருத்துவமும் செய்தே தீர வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். சாதாரண வழிகள் கடமை, பெரும் பாரமாகும் அசாதாரண வழிகள் கடமையல்ல என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் மயக்கவியல் மருத்துவர்களிடம் விளக்கினார். 1980-இல் வந்த வத்திக்கான் அறிக்கையும் 1995-இல் வந்த சுற்றுமடலும் இதையே உறுதிசெய்தன.

மீளா மயக்கத்தில் கிடப்பவருக்குக் குழாயில் தரும் உணவும் நீரும் மருத்துவமல்ல, சாதாரணப் பராமரிப்பே என்று 2004 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கூறினார். மறு ஆண்டே அமெரிக்காவில் நீதிமன்ற உத்தரவின்படி மீளா மயக்கத்தில் கிடந்த டெர்ரி ஷைவோவின் உணவு செலுத்தும் குழாய் அகற்றப்பட்டது. 2005 மார்ச் 31-இல் அவர் இறந்தார். அதே திருத்தந்தைக்கு மூக்கு வழியே குழாய் போட்ட செய்தி அதற்கு முந்திய நாள்தான் வெளியானது. அவரை மறுபடியும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. ஏப்ரல் 2-இல் தம் அறையிலேயே உயிர்நீத்தார். குழாயைத் தாமதமாகப் போட்டார்கள் என்று 2007-இல் இத்தாலிய மயக்கவியல் மருத்துவர் ஒருவர் குற்றம்சாட்ட, திருத்தந்தையின் மருத்துவர் அதை மறுத்தார்.

மிலான் நகரின் முன்னாள் பேராயர் கர்தினால் மார்த்தினி பார்க்கின்சன் நோயால் விழுங்க முடியாமல் போன நிலையிலும் செயற்கை உணவை வேண்டாம் என்றார், 2012-இல் இறந்தார். இதைப் போதனை மீறல் என்பது நியாயமாகாது. 2004-இல் சொன்னது நினைவிழந்தவர்களைப் பற்றி. மார்த்தினியோ நினைவோடு தாமே முடிவெடுத்தவர்.

எந்தச் சிகிச்சையை மறுக்கலாம் என்ற கேள்வி திருச்சபைக்கு வெளியே திருவண்ணாமலைக்கும் பழக்கமானது. அங்கே ஆசிரமத்தில் வாழ்ந்த ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே எழுந்த புற்றுக்கட்டிக்கு 1949-இல் நான்கு முறை அறுவை நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு, ஆசிரமத்தில் பக்தர்கள் சூழ்ந்திருக்க மறைந்தார். திருச்சபையின் அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் அந்த மறுப்பு தற்கொலையாகாது.

இந்தியச் சட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. மீளா மயக்கத்தில் கிடந்த மும்பை செவிலியர் அருணா ஷான்பாக்குக்கு உணவை நிறுத்தக் கோரிய மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பல்லாண்டுகளாக அவரைப் பராமரித்த செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றே விரும்பினர். 2018 மார்ச் 9-இல் அதே நீதிமன்றம் சிகிச்சையை நிறுத்தும் உரிமையையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர்விருப்ப ஆவணத்தையும் அங்கீகரித்தது. 2023-இல் நடைமுறை எளிதானது: இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். வெண்டிலேட்டர் வேண்டாம், உணவும் வலிநிவாரணமும் தொடரட்டும், அவஸ்தை பூசுதலுக்குக் குருவானவரை அழையுங்கள் என்று ஒரு கத்தோலிக்கர் அதில் எழுதிவைக்கலாம்.