லயம் என்னும் சொல்

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் தொடர்வீடு 'லயம்' எனப்படும். இதனைக் கொச்சையெனக் கருதி 'லைன்' என்று திருத்துவோர் உளர். அத்திருத்தம் வேண்டுவதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இலத்தீன் மொழியில் 'லீனும்' என்பது ஆளிச்செடியைக் குறிக்கும். அதன் நாரினால் திரித்த நூல் 'லீனெயா'. தச்சரும் கொத்தரும் நேர் பார்க்கப் பிடித்த கயிற்றுக்கும் அதுவே பெயர். பழைய ஆங்கிலத்தின் வழியாகவும் பிரெஞ்சின் வழியாகவும் வந்து அது 'லைன்' ஆயிற்று. கயிற்றினின்று கோடும், கோட்டினின்று வரிசையும் அதன் பொருள்களாயின. படைவீரர் தங்குவதற்கு நிரையாக அமைத்த குடில்களையும் ஆங்கிலேயர் அப்பெயராற் குறித்தனர்.

1824இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரை ஓரிடத்தே குடியமர்த்தவும் மேற்பார்வை செய்யவும் தோட்டத்துரைமார்க்கு அந்நிரைவீடே வாய்ப்பாயிற்று. ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவான அறையொன்றே கிடைத்தது. அவ்வறையைக் குறிக்கும் 'காம்பரா' என்பதும் 'காமெரா' என்னும் இலத்தீன் சொல்லினின்று போர்த்துக்கேயத்தின் வழி வந்ததேயாகும்.

'லைன்' என்பது தோட்டத் தமிழர் நாவில் 'லயன்' ஆகி, 'லயம்' எனவும் நிலைத்தது. நிலம் நிலன் எனவும், கலம் கலன் எனவும் மகரமும் னகரமும் ஒன்றன் இடத்தில் ஒன்று வருவதை நன்னூலார் காட்டியுள்ளார். அம்மரபுக்கு இம்மாற்றம் அயலானதன்று. மேலும், 'மரத்தில்' என்பதுபோல 'லயத்தில்' என அத்துச்சாரியையும் பெற்றது. மேட்டு லயம், பணிய லயம் என அடைகளையும் ஏற்றது. இசையிலுள்ள லயமும் குதிரை லாயமும் வேறு சொற்கள். அவற்றோடு இதனை மயக்குதல் தகாது.

இவ்வாறு ஓர் அயற்சொல்லுக்குத் தமிழ் குடியுரிமை தந்தது. ஆனால், அச்சொல்லைப் பேசிய மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு அவ்வுரிமையை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேயே வந்தது.

லயங்கள் மறைந்து தனிவீடுகள் எழ வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், அச்சொல்லைக் கொச்சையென ஒதுக்குவோமாயின், பிறர் அளந்து கொடுத்த அறையைத் தம் மொழியால் தமதாக்கிக்கொண்ட மக்களின் வரலாற்றையும் ஒதுக்கியவர்களாவோம்.