'நாங்க'விலிருந்து 'நான்' வரை: ஓசூரிலிருந்து கேட்ட கே.ஏ.குணசேகரன்

கே.ஏ.குணசேகரன் எனக்கு முதலில் ஒரு ஒலிநாடாவாகத்தான் அறிமுகமானார். ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னராக நான் சேர்ந்தது 1990களின் தொடக்கத்தில். பர்கூர் பக்கத்து மானாவாரி நிலத்திலிருந்து வந்தவன். அப்போது எல்லாமே தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். 1980இல் அசோக் லேலண்டு, 1987இல் டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்த பிறகு, அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்திருந்தன. சங்க அறையில் ஒரு பழைய டேப்ரிக்கார்டர். வாயிற்கூட்டத்துக்கு முன்னால் தோழர் ஒருவர் அதில் 'மனுசங்கடா' பாட்டைப் போடுவார். ஷிப்ட் முடிந்து வந்தவங்க எல்லாரும் சேர்ந்து பாடுவோம். தெலுங்கர், கன்னடர், உருது பேசுகிறவர், தமிழர் எல்லாரும்தான்.

அந்தப் பாட்டை எழுதியவர் இன்குலாப். கீழக்கரையில் 1944இல் பிறந்த சாகுல் அமீது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டதன் தழும்பு அந்தப் பாட்டில் இருக்கிறது. ஆனால் அதை ஊரூராகக் கொண்டுபோனது குணசேகரனின் குரல். ஓசூரில் பலர் பாட்டையே அவர் எழுதியதாகத்தான் நினைத்திருந்தார்கள். நானும்தான். இந்தத் தப்பான நினைப்பைத் திருத்துவதைவிட அதை யோசிப்பது முக்கியம். வாய்மொழி மரபில் பாட்டு பாடுகிறவனுக்குச் சொந்தம். அந்தச் சொந்தம் எப்படி ஒருவரின் சொந்தக் கதையாக மாறியது என்பதுதான் குணசேகரனின் கலை வரலாறு என்று எனக்குப் படுகிறது.

1955இல் இளையான்குடிக்கு அருகே மாரந்தையில் பிறந்தவர். அவரிடம் மூன்று கட்டங்களைப் பார்க்கலாம். முதலில் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிச் சேகரித்த ஆய்வாளர், இடதுசாரி மேடைகளின் பாடகர். இங்கே குரல் அவருடையது, சொல் ஊருடையது. அடுத்து, 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியின் அரங்கக் கலைஞர்: 'தன்னானே' கலைக்குழு, 'பலியாடுகள்' நாடகம், புதுவைப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறைப் பேராசிரியர் பணி. 'நாட்டுப்புறம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வந்ததன் அடியில் எந்தச் சாதியின் உழைப்பு, எந்தச் சாதியின் பறை இருக்கிறது என்ற கேள்வி இங்கேதான் மேடைக்கு வருகிறது. மூன்றாவது 2005இல் வெளியான தன்வரலாறு 'வடு'. மற்றவர்களின் பாட்டை முப்பது வருடம் பாடியவர் அதில்தான் 'நான்' என்று எழுதுகிறார்.

மேற்கே இந்த வரிசை தலைகீழ். ராபர்ட் லோவல் 1959இல் வெளியிட்ட கவிதை நூலுக்கு மதிப்புரை எழுதிய ரோசந்தால் 'ஒப்புதல் வாக்குமூலம்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். பத்து வருடத்தில் அது பாட்டுக்காரர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. 1971இல் 'புளூ' தொகுப்பை வெளியிட்ட ஜோனி மிச்சலை அந்தச் சொல் விடவே இல்லை. அவருக்கு அது பிடிக்கவும் இல்லை. தனி அறை, ஒற்றைக் கித்தார், முறிந்த காதல், அதிலிருந்து பிறக்கும் தன்னிலை. 'நான்' அங்கே தொடக்கத்திலேயே கையில் கிடைத்துவிடுகிறது.

ஃபூக்கோ 1976இல் 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாக்குமூலம் என்பது அதிகார உறவு. கேட்பவன் பாதிரியாரோ மருத்துவரோ நீதிபதியோ, அவனுக்கு மன்னிக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் உண்டு. சரி, தலித் ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது யாரிடம் எதை ஒப்புக்கொள்கிறார்? குற்றம் அவருடையது இல்லையே. 'வடு'வில் பள்ளிக்கூடத்துக் கூச்சமும் பசியும் வருகின்றன. இளையான்குடி முஸ்லிம்கள் சாதி கேட்காமல் பழகியதும், அடுத்த ஊருக்குப் போனால் முதல் கேள்வியாகச் சாதி வந்து நின்றதும் வருகின்றன. படிக்கப் படிக்க ஒப்புக்கொள்ள வேண்டியவர் வாசகர் என்று ஆகிவிடுகிறது. 1978இல் மராத்தியில் தயா பவாரின் 'பலுத்த', 1992இல் தமிழில் பாமாவின் 'கருக்கு' செய்ததும் இந்தத் தலைகீழாக்கம்தான். குணசேகரன் இந்த வரிசைக்குள் ஒரு பாடகனின் காதோடு வந்தார்.

எல்லைப்புறத்தில் இருப்பவனுக்கு இலக்கணம் கொஞ்சம் உறைக்கும். தமிழில் 'நாங்க' வேறு, 'நாம' வேறு. 'நாங்க' என்றால் எதிரே நிற்கிறவன் அதில் இல்லை. தெலுங்கிலும் 'மேமு', 'மனமு' என்று பிரிவு உண்டு. இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் 'நாவு'தான். 'மனுசங்கடா' பாட்டின் பலமே அந்த 'நாங்க'. அது கேட்பவனை வெளியே நிறுத்திக் கணக்குக் கேட்கிறது. ஆனால் எங்கள் வாயிற்கூட்டத்தில் எல்லாச் சாதியும் சேர்ந்து பாடியபோது, யாருக்கும் தெரியாமல் அது 'நாம' ஆகிவிட்டது. எதிரே நிற்கிறவன் முதலாளி மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

ஜூஜூவாடிப் பக்கம் வாடகைக்கு ஒரு அறை தேடிப் போனேன். வீட்டுக்காரரும் ஆலைத் தொழிலாளி. எங்கள் கூட்டங்களில் முன்வரிசையில் நின்று அந்தப் பாட்டை என்னைவிடச் சத்தமாகப் பாடுகிறவர். "நீங்க என்ன ஆளுங்க தம்பி?" என்று கேட்டார். நான் ஒரு பொய் சொன்னேன். அறை கிடைத்தது. ஆறு வருடம் அங்கே இருந்தேன். அவர் மனைவி பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புவார். ஊரிலிருந்து அம்மா வந்தால் பேச்சுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வேன். வாரம் ஒருமுறை வாயிலில் 'நாங்க' என்று பாடினேன். ஒரு நாளும் 'நான்' என்று சொல்லவில்லை. 'வடு' கைக்கு வந்தபோதுதான் இந்த இடைவெளிக்கு ஒரு பெயர் கிடைத்தது. குணசேகரனுக்கே அந்த இடைவெளியைக் கடக்க முப்பது வருடம் பிடித்தது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் பயம்.

இந்தப் பக்கத்தில் அவர் குரல் தனியாகவும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில் சித்தலிங்கய்யா இருந்தார். 1975இல் 'ஹொலெமாதிகர ஹாடு' வெளியிட்டு, போராட்டப் பாட்டுகளால் தலித் சங்கர்ஷ சமிதியைப் பாட வைத்து, பிறகு 'ஊரு கேரி' என்ற தன்வரலாற்றுக்கு வந்தவர். 2021இல் இறந்தார். தெலுங்குத் தொழிலாளர்கள் கத்தரின் ஒலிநாடாக்களைக் கொண்டுவருவார்கள். அவர் இறந்தது 2023இல். சித்தலிங்கய்யாவும் குணசேகரனும் நடந்தது ஒரே பாதை: முதலில் கூட்டத்தின் பாட்டு, பிறகு தன் கதை. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 'நாங்க' என்ற கூரையை முதலில் போடாமல் 'நான்' என்று சொன்னால் நனைந்துபோவோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குணசேகரனும் இன்குலாபும் இறந்தது ஒரே ஆண்டில், 2016இல். முன்னவர் ஜனவரியில், பின்னவர் டிசம்பரில். அதற்கு அடுத்த தலைமுறை 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று மேடையேறியது. அதிலிருந்து வந்த அறிவு, 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். குடும்பக் கதையே வரலாறாகிறது. 'வடு' உரைநடையில் செய்ததை இது மெட்டில் செய்கிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் அவர் முகம் இல்லாதது சர்ச்சையானது. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே மேடையேறியது. பாட்டு யாருடையது என்ற வாதம் மறுபடி எழுந்தது. இன்குலாபின் பாட்டைக் குணசேகரனுடையதாக நாங்கள் நினைத்தபோது யாருக்கும் நட்டமில்லை. 'நான்' என்று சொன்ன பிறகு, அந்த 'நானை' எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்பது சந்தைக் காலம் கற்றுக்கொடுத்த பாடம்.

ஓசூர் இப்போது மாநகராட்சி. வாயிற்கூட்டங்கள் குறைந்துவிட்டன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த காண்ட்ராக்ட் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் பாட்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு 'நான்' உண்டு, 'நாங்க' இல்லை. வாடகைக்கு அறை கேட்கப் போனால் கேள்வி மட்டும் அதேதான்.

அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். எதிர்ப்பட்டால் இன்னும் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார். அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் வாசிக்கிறவரும் இல்லை. அதனால் இங்கே எழுதியதைச் சொன்னதாகக் கணக்கில் வைக்க முடியாது.