ஒதுக்கீட்டிலிருந்து தகவமைப்புக்கு: மாற்றுத்திறனாளிப் பணியாளர் உரிமையின் சட்ட வரலாறு (1995–2025)

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளிகள், பணியிடம், நியாயமான தகவமைப்பு, இட ஒதுக்கீடு, உச்ச நீதிமன்றம்

முன்னுரை

ஒருவர் ஒரு பணிக்குத் தகுதியுடையவரா எனத் தீர்மானிக்கும்போது அவருடைய உடல்நிலையை மட்டும் அளப்பதா, அவர் பணிபுரியவிருக்கும் சூழலையும் சேர்த்து அளப்பதா என்பது மாற்றுத்திறனாளிப் பணியாளர் உரிமை வரலாற்றின் மையச் சிக்கலாகும். திரைவாசிப்பு மென்பொருள், சைகைமொழி பெயர்ப்பாளர், சாய்தளம், பணிநேர மாற்றம், பணிப்பொறுப்புகளின் மறுபகிர்வு முதலியவற்றை அவரவர் தேவைக்கேற்ப அளித்து, நிறுவனத்தின்மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாமல் பணியிடத்தைத் திருத்தியமைத்தலே ‘நியாயமான தகவமைப்பு’ எனப்படுகிறது. இக்கருத்து இந்தியச் சட்டத்தில் இடம்பெற்ற முறையையும், அதனால் தீர்ப்புகளில் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தின் தோற்றம்

இக்கருத்து முதலில் ஊனம் தொடர்பாக எழுந்ததன்று. பணியாளரின் சமய வழக்கங்களுக்கு வேலையளிப்போர் இடமளிக்க வேண்டும் என 1972இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தில் அது இடம்பெற்றது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், 504ஆம் பிரிவின்வழி, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் அமைப்புகளில் ஊனத்தை முன்னிட்ட பாகுபாட்டைத் தடைசெய்தது. எனினும் அதற்கான விதிகள் நான்காண்டுகள் வெளியிடப்படவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தில் தொடங்கிய உள்ளிருப்புப் போராட்டம் மூன்று வாரங்களுக்கும் மேலாக நீடித்தது. ஏப்ரல் 28இல் அமைச்சர் ஜோசப் கலிபானோ விதிகளில் கையொப்பமிட்டார். 1990ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடமையைத் தனியார் துறைக்கும் விரித்தது. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை, தகவமைப்பை மறுப்பதே பாகுபாடு என வரையறுத்தது. இந்தியா 2007 அக்டோபரில் அதற்கு ஏற்புறுதி அளித்தது.

1995ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கியது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றும், வேறு பணி இல்லாவிடில் மிகைப்பணியிடம் உருவாக்க வேண்டும் என்றும் அதன் 47ஆம் பிரிவு விதித்தது. காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதியாக நிலைநாட்டியது. ஆயினும் இப்பாதுகாப்பு ஏற்கெனவே பணியில் இருந்தோர்க்கே உரியது. புதிதாக நுழைவோர்க்கு ஒதுக்கீடு இருந்தது. நியாயமான தகவமைப்பு என்னும் கடமை சட்டத்தில் இல்லை.

இவ்விடைவெளியின் விளைவைத் தமிழ்நாட்டு வழக்கொன்று காட்டுகிறது. உரிமையியல் நீதிபதிப் பணிக்குப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு உடையோரே விண்ணப்பிக்கலாம் என வரம்பிடப்பட்டது. 70 விழுக்காடு குறைபாடுடைய அரசு உதவி வழக்கறிஞர் ஒருவர் அவ்வரம்பை எதிர்த்தார். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்கை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் வரம்பை ஏற்றது. தக்க உதவி கிடைத்தால் அவரால் நீதிபதியாகப் பணியாற்ற இயலுமா என்னும் வினா அங்குத் தீர்வுக்குரியதாகவில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டமும் பின்விளைவும்

2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஊன வகைகளை 7இலிருந்து 21ஆகவும், ஒதுக்கீட்டை 4 விழுக்காடாகவும் உயர்த்தியது. இவற்றினும் அடிப்படையானது, நியாயமான தகவமைப்பை வரையறுத்து, அதை மறுப்பதைப் பாகுபாட்டினுள் அடக்கியதாகும். எழுதுகையில் தசைப்பிடிப்பு உறும் தேர்வர் ஒருவருக்குப் பதிலெழுத்தர் வழங்குவது பற்றிய 2021 பிப்ரவரித் தீர்ப்பில், நீதிபதி டி.ஒய். சந்திரசூட் இடம்பெற்ற அமர்வு, புதிய சட்டத்திற்குப்பின் 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் முன்மாதிரி ஆகாது என அறிவித்தது.

2023 அக்டோபரில் மற்றொரு தமிழ்நாட்டு வழக்கு முடிவுற்றது. நிறப்பார்வைக் குறைபாட்டைக் காரணங்காட்டி, தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் ஒருவருக்கு உதவிப் பொறியாளர் பணியை மறுத்திருந்தது. அக்குறைபாடு சட்டத்தின் பட்டியலில் இடம்பெறாதபோதும், தகவமைப்புக் கோட்பாட்டின் அடிப்படையில் அவரைப் பணியமர்த்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 மார்ச்சு 3 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பார்வையற்றோரை நீதித்துறைப் பணியினின்று விலக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது.

முடிவுரை

ஒதுக்கீடு பணியின் வாயிலைத் திறந்தது. தகவமைப்பு பணியிடத்தையே வினாவுக்கு உட்படுத்தியது. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. எனினும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தகவமைப்புக் கடமையை வெளிப்படையாக அரசு நிறுவனங்களுக்கே விதிக்கிறது. சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்னும் 21ஆம் பிரிவு தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கினும், கொள்கை அறிவிப்பும் பணியிட மாற்றமும் ஒன்றல்ல. அரசுப் பணியில் இரு தமிழ்நாட்டு வழக்குகளுக்கிடையே நான்காண்டுகளில் நேர்ந்த மாற்றம், தனியார் பணியிடங்களிலும் நிகழ வேண்டியுள்ளது. அதற்கு அக்கடமை சட்டத்தில் அதே தெளிவுடன் எழுதப்படுதல் இன்றியமையாதது.